பூனை எழுந்து நடந்தால்…

பூனை வரைய இரண்டு வட்டம் போதும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பொய் சொல்வதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பூனைக்கு மேலே சின்ன வட்டம், கீழே பெரிய வட்டம், இரண்டு முக்கோணக் காது, ஒரு வால், அவ்வளவுதான். அது எழுந்து நடக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். வயிறு எங்கே முடிகிறது, பின்னங்கால் எங்கிருந்து கிளம்புகிறது, முட்டி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று ஒன்றும் பிடிபடாது. கடைசியில் பந்தலுக்குக் கால் நட்டதுபோல நான்கு குச்சிகள் வந்து நிற்கும்.

வட்டம் போட்டு விலங்கு வரைவது பழைய வித்தை. 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த வில்லார் த ஒன்கூர் தன் குறிப்பேட்டில் மனித, விலங்கு உருவங்களின் மேல் முக்கோணங்களையும் மற்ற வடிவங்களையும் வரைந்து காட்டியிருக்கிறார். பெரும் அலை ஓவியத்தால் உலகமே அறிந்த ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய், 1812-ல் விரைவாக வரையக் கற்றுத்தரும் கையேடு ஒன்றை வெளியிட்டார். காம்பஸும் அளவுகோலும் இருந்தால் விலங்கு, பறவை, மனிதர் என எதையும் கட்டியெழுப்பலாம் என்பதுதான் அதன் முதல் பாகம். அடுத்த பாகத்தில் எழுத்துகளையே வளைத்து உருவமாக்கினார். சிலேட்டில் 2 எழுதி, அலகும் இறக்கையும் சேர்த்து வாத்தாக்கியவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தெரியாது.

அந்த ஓவியர்கள் கையில் உயிர் பெற்ற வட்டம் நம் கையில் ஏன் பொம்மையாகிவிடுகிறது? இதை எழுதுபவர் பார்த்தவரை, காரணம் எளிது. பெரும்பாலோர் வட்டத்தை விலங்கின் வெளிக்கோட்டுக்காகப் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் எலும்புக்காகப் போட்டுப் பார்த்தால் அதே வட்டம் வேறுமாதிரி வேலை செய்யும்.

மண்டையோட்டுக்கு ஒரு வட்டம், மார்புக்கூட்டுக்குப் பெரிய முட்டை, இடுப்பெலும்புக்குச் சிறிய முட்டை. மூன்றையும் கோக்கும் முதுகெலும்புக்கு ஒரே கோடு. மார்புக்கூடும் இடுப்பெலும்பும் அதிகம் உருமாறாதவை. வளைவதெல்லாம் அவற்றுக்கு இடையே உள்ள பகுதியும் கழுத்தும்தான். சுருண்டு படுத்த நாயில் இரண்டு முட்டைகளும் நெருங்கி வரும். சோம்பல் முறிக்கும் பூனையில் விலகிப் போகும். முட்டைகளின் அளவு மாறாது, சாய்வும் இடைவெளியும்தான் மாறும். இது கைவந்துவிட்டால் நடக்கும் பூனை பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதி கால். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

நாய்க்கும் ஆட்டுக்கும் பின்னங்கால் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது முட்டியே இல்லை, குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம் நோக்கி இருக்கிறது. நாயும் பூனையும் விரல்களின் மேல் நடக்கின்றன, குதிகால் தரையைத் தொடுவதில்லை. குதிரை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது. அதன் முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்லும் இடம் மணிக்கட்டு. கொக்கின் குச்சிக் காலில் பின்பக்கம் மடங்கும் இடமும் கணுக்கால்தான். முட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் குனிந்து கைகளைத் தரையில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, விரல்களில் நின்று பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு செய்வது உத்தமம். நாயின் பின்னங்கால் ஏறக்குறைய அப்படித்தான் மடங்கியிருக்கிறது. இதைத் தாளில் கொண்டுவர, ஒரு பின்னங்காலுக்கு நான்கு சிறு வட்டங்கள் போதும்: இடுப்பு, முட்டி, குதிகால், விரல். நான்கையும் கோடிட்டு இணைத்தால் முன்னும் பின்னுமாக ஒடியும் ஒரு கோடு கிடைக்கும். முயலென்றாலும் மானென்றாலும் வட்டங்களின் எண்ணிக்கை இதேதான். நடுவே உள்ள நீளங்கள்தான் வேறு.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட விலங்கின் தலையையே அளவுகோலாக்கிக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் நிற்கும் குதிரையின் உடல், மார்பிலிருந்து பிட்டம் வரை, ஏறத்தாழ இரண்டரைத் தலை நீளம். தோள் மேட்டிலிருந்து குளம்பு வரையிலான உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது குதிரை ஒரு சதுரத்துக்குள் அடங்கும். முதலில் சதுரத்தைப் போட்டுவிட்டு உள்ளே முட்டைகளை வைத்தால், உடல் டாக்ஸ்ஹண்ட் நாய்போல நீண்டுபோகாது.

படிப்படியாக வரையச் சொல்லித்தரும் வெளிநாட்டுப் புத்தகங்களை அப்படியே பின்பற்றினால் இன்னொரு வம்பு உண்டு. அவற்றில் வரும் பசுவுக்கு முதுகு மேசைபோலத் தட்டையாக இருக்கும். நம் தெருவில் நிற்கும் நாட்டு மாட்டுக்குத் தோளின் மேல் திமில் உண்டு, கழுத்தின் கீழ் அலைதாடி தொங்கும். திமிலுக்கு ஓர் அரைவட்டம் சேர்க்காவிட்டால் காங்கேயம் காளை வராது, பால் பவுடர் டப்பாப் பசுதான் வரும். யானையிலும் இதே கூத்து. ஆசிய யானைக்குத் தலையில் இரண்டு மேடு, மேல்நோக்கி வளைந்த முதுகு, அடக்கமான காது. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழிந்திருக்கும், காது மிகப் பெரியது. கோயில் யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டி ஆப்பிரிக்கக் காதை ஒட்டிவைத்த படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

பார்க்காமல் வரைந்தால் மேதைக்கும் இதே கதிதான். 1515-ல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவா வழியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேரில் பார்த்ததில்லை. கைக்குக் கிடைத்த வர்ணனையையும் படத்தையும் வைத்து மரச்செதுக்குச் செய்தார். தோல் மடிப்பு இரும்புக் கவசமாயிற்று. தோளுக்கு மேலே இல்லாத ஒரு குட்டிக் கொம்பும் முளைத்தது. அதையே நிஜமென்று நம்பி ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்தார்கள்.

உயிருள்ள விலங்கு அசையும் என்பது உண்மைதான். ஆனால் ஆடும் மாடும் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒரே தாளில் ஐந்தாறு நிலைகளைத் தொடங்கிவைத்து, விலங்கு எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அந்தப் படத்தில் கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். மதிய வெயிலில் தூங்கும் தெருநாய் இன்னும் நல்ல மாடல். பென்சிலை நுனியில் இறுக்கிப் பிடிக்காமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்தால் வட்டம் வட்டமாக வரும். முதல் வட்டங்கள் மங்கலாக இருக்கட்டும், அழிக்க அவசரமும் வேண்டாம். எந்த முட்டை எங்கே பிசகியது என்று பிறகு பார்க்க அவைதான் சாட்சி.

தலைகீழாகவும் பழகலாம். நாளிதழில் வந்த விலங்குப் படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, உள்ளே இருக்கும் மூன்று வடிவங்களை மட்டும் தேடி எடுப்பது. பிக்காசோ 1945–46 குளிர்காலத்தில் கல்லச்சில் ஒரு காளையை இப்படித்தான் உரித்தார். 11 நிலைகளில், தசையும் கனமுமாக இருந்த காளை கடைசியில் சில கோடுகளாக நின்றது.

அசையாத மாடல்தான் வேண்டுமென்றால் மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்குப் போகலாம். அங்கே நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் ஒற்றைக்கல் யானை நிற்கிறது. ரதத்தின் பின்புறமும் யானை முதுகைப்போல வளைந்த தூங்கானை மாடம்தான். யானையைச் சுற்றி வந்து வரையும்போது புத்தகத்தின் பக்கவாட்டுப் படம் சொல்லாதது புரியும். முன்னால் நின்றால் தலை வட்டம் மார்புக்கூட்டின் பெரும்பகுதியை மறைக்கும். பின்னால் போனால் இடுப்பு முட்டைதான் பெரிதாகத் தெரியும். முதலில் மறைக்கும் வடிவத்தை முழுதாகப் போட்டு, மறைபடும் வடிவத்தை அதன் பின்னால் மங்கலாக முழுதாகவே வரைந்து, கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் கடைசியில் அழுத்தலாம். யானை முடிந்தால் சிங்கமும் நந்தியும் அதே வளாகத்தில் இருக்கின்றன. விடுமுறை நாளென்றால் செல்ஃபி எடுப்பவர்கள் நகரும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.