பாடம் 9: இரண்டு ஊர், ஒரு வாக்கு

‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் பலர் தம் தாத்தாவின் ஊரையே கூறுவர். அது பிழையன்று. மொழியும் உறவும் அவ்வூரோடு பிணைந்துள்ளன. ஆயினும், ‘உன் வாக்கு எங்கே?’ என்னும் வினாவிற்கு அவ்விடை பொருந்தாது.

நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 1989ஆம் ஆண்டு 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெறுவார். படைவீரர் போன்ற சிலர்க்குத் தனி விதி உண்டு. ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. இரு தொகுதிகளில் பெயர் இருத்தலும் கூடாது. சட்டம் தாய்மொழியைக் கேட்பதில்லை. வாழும் இடத்தையே கேட்கிறது.

‘நான் வெளியூரைச் சேர்ந்தவன், இவ்வூர் அரசியல் எனக்கு எதற்கு?’ என எண்ணும் இளைஞர் இங்குப் பெயரைப் பதிவு செய்யார். பூர்விக ஊரிலோ, அங்கு வசிக்காமையால் பதிவு செய்ய இயலாது. இவ்வாறு, இரண்டு ஊர் உடையவர் ஓர் ஊரிலும் வாக்கில்லாதவர் ஆகிறார். அவர் தெருவில் குடிநீர் வாராவிடின், அதைக் கேட்கும் அவரது குரல் வலுவிழக்கிறது.

மும்பைத் தாராவியைக் காண்போம். பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறியோரின் வழியினர் அங்கேயே வாக்காளர்களாக உள்ளனர். ஆதலின், தேர்தல் காலத்தில் அங்குத் தமிழிலும் பரப்புரை நடைபெறுகிறது. பல மொழியினர் வாழும் சயான் கோலிவாடா தொகுதியில், தமிழகத்தில் பிறந்த ஒருவர் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மகாராட்டிரச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எனினும், ‘நம்மவர்’ என்பதற்காக மட்டுமே வாக்களித்தல் நன்றன்று. தெருவில் தேங்கும் மழைநீர் தமிழர் வீடு, மராத்தியர் வீடு என்று பார்ப்பதில்லை. நம் மொழியை இல்லத்தில் பேணுவோம். அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஊரின் தேவையை ஆராய்ந்து வாக்களிப்போம்.

மாணவர்களே, 17 வயது நிறைந்தபின் படிவம் 6இன் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் ஊர் உங்கள் வேர். நீங்கள் வாழும் ஊர் உங்கள் பொறுப்பு.

அருஞ்சொற்பொருள்
பூர்விகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
பரப்புரை – ஆதரவு திரட்டும் பேச்சு
பேணுதல் – காத்தல்

பயிற்சி
1. ஒருவர் எத்தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெறுவார்?
2. ‘இரண்டு ஊர் உடையவர் ஓர் ஊரிலும் வாக்கில்லாதவர்’ ஆவது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: அவ்வூர், வாக்குரிமை.
4. உங்கள் பெற்றோர் எந்தத் தொகுதியின் வாக்காளர்கள் எனக் கேட்டறிந்து ஐந்து தொடர்கள் எழுதுக.