சந்தனம் பூசினால் முகம் இழுக்கிறதா?

எனக்கு வறண்ட சருமம். சந்தனப் பொடியைப் பன்னீரில் குழைத்துத் தினமும் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு கழுவுகிறேன். முகம் இறுகி, தோல் உரிகிறது. சந்தனம் எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
– வாசகி, திருச்சி

சந்தனத்தின் மேல் பழி போடாதீர்கள், சகோதரி! பூசும் முறையை மாற்றினாலே போதும். பொடி காயும்போது தோலின் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிவிடும். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது நல்லது, உங்களுக்கு ஆகாது.

முதலில், உரிவது நிற்கும்வரை ஒரு வாரம் எதுவும் பூசாமல் விடுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டிப் பொடியைப் பன்னீருக்குப் பதில் பாலாடையில் குழையுங்கள். வாரம் ஒருமுறை, பத்து நிமிடம் போதும். ஈரம் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து, தேய்க்காமல் கழுவுங்கள். முகத்தை ஒற்றியெடுத்த கையோடு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ, உங்களுக்குப் பழகிய மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பொடியையும் கவனியுங்கள். சந்தன மரத்தின் வாசனை எண்ணெய் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான் உண்டு. வெளிக்கட்டையில் மணம் இல்லை. அதனால்தான் அசல் சந்தனம் விலை அதிகம். மலிவாகக் கிடைப்பதில் வேறு மரத்தூளும் செயற்கை வாசனையும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தோல் எரிய அதுவே காரணமாகலாம். செஞ்சந்தனம் வேறு மரம். அதற்கு இந்த மணம் கிடையாது.

வீட்டில் பழைய சந்தனக் கட்டையும் கல்லும் இருந்தால் எடுங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்த சந்தனத்துக்கு எந்தப் பொட்டலமும் ஈடாகாது.