முள்ளை விசாரித்துவிட்டு எஞ்சினைத் தொடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன்னுடைய பழைய 407 லாரி இரவில் மட்டும் சூடாகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இப்போதைக்குப் பிரிக்க விடாதே. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்துக்குப் பகல் வெயிலில் களிமண் பாரத்தோடு ஒழுங்காகப் போகிற வண்டி, ராத்திரிக் காற்றில் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்றால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான் வர வேண்டும். ஹெட்லைட் போட்டதும் முள் குதிக்கிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, உன் கடிதத்தில் உருப்படியான வரி அதுதான்.

அவ்வளவு இரும்பும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீரும் ஒரு நொடியில் சூடேறாது. நிஜமான சூடு நிமிடக் கணக்கில் மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். ஸ்விட்சைத் தட்டியதும் துள்ளுகிற முள் கரண்டுக் கதையைச் சொல்கிறது. மீட்டர் பெட்டியின் எர்த் துருப்பிடித்திருந்தால், டேஷ்போர்டு விளக்குகளின் கரண்ட் திரும்ப வழியில்லாமல் மீட்டர் வழியாகவும் சென்சார் வழியாகவும் போகப் பார்க்கும். ஹெட்லைட் போடும்போது டீசல் முள்ளும் சேர்ந்து ஆடுகிறதா என்று கவனி. இரண்டும் ஆடினால் சென்சாரை மறந்துவிடு. மீட்டர் பெட்டியின் எர்த்தையும், மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜைச் சீராக்கும் துண்டு அதில் இருந்தால் அதையும் பார்.

டீசல் முள் ஆடாமல் இது மட்டும் ஆடினால் அடுத்த சோதனை. ஒற்றை வயர் சென்சார்தானே? சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், அந்த வயரைக் கழற்று. முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். விழாமல் மேலேயே நின்றால் வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது. விழுந்தால், வயர் முனையை ஒரு நொடி எஞ்சின் பிளாக்கில் தொடு. முள் சூட்டுப் பக்கம் ஓட வேண்டும். ஓடினால் மீட்டரும் வயரும் வேலை செய்கின்றன; சந்தேகம் சென்சார் மேல் போகிறது. அதிக நேரம் தொட்டு வைத்து மீட்டரை எரித்துவிடாதே.

சென்சார் என்பது மந்திரமில்லை. அதற்குள் இருப்பது மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடைப் பொடித்து, அழுத்தி, சூளையில் சுட்ட சின்ன வில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் அது தூரத்துச் சொந்தம். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை ஃபாரடே 1833-லேயே கண்டு எழுதிவைத்தார்.

சென்சாரைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டு போ. அக்கா திட்டினால் என் பெயரைச் சொல். வயரை நீட்டி மாட்டு. சென்சாரின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு எர்த் வயர் கொடு. தெர்மாமீட்டரோடு அதைத் தண்ணீரில் இறக்கிக் காய்ச்சு. நம் ஊர் சமவெளி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 60, 80, 100-ல் முள் எங்கே நிற்கிறது என்று மீட்டர் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டுவிடு. கம்பெனிக்காரன் போட்ட சிவப்பைவிட நீ போட்ட கோடு நம்பத்தக்கது. 80-லேயே சிவப்புக்குப் போனால், முன்பு யாரோ வேறு வண்டியின் சென்சாரை மாட்டியிருக்கலாம். மரை ஒன்றாகவே இருக்கும், தடைக் கணக்கு வேறு. திரும்ப மாட்டும்போது மரையில் டேப்பைச் சுற்றி அடைக்காதே; எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது.

சூளைக்காரர்கள் ஒரு மீட்டரை மட்டும் நம்ப மாட்டார்கள். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் செகர் செய்த கூம்புகள் இன்றும் உலகெங்கும் சூளைகளுக்குள் நிற்கின்றன. கூம்பு வளைந்தால்தான் சூடு சேர்ந்தது என்று கணக்கு. உனக்கும் இரண்டாவது சாட்சி வேண்டும். துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரவல் வாங்கி, தெர்மோஸ்டாட் மூடிமேல் பிடி. பளபளக்கிற அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கொஞ்சம் கறுப்புப் பெயின்ட் அடித்து அந்த இடத்தில் பார்.

இதுவரை சொன்னது இல்லாத சூட்டைக் காட்டும் முள்ளைப் பற்றி. இருக்கும் சூட்டை மறைக்கிற முள்தான் ஆளைக் கவிழ்க்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வேகும்போது முள் கீழே சாதுவாகக் கிடக்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார். சூடாக இருக்கும்போது திறக்காதே. அந்த மூடி பிடிக்கிற அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் முகத்தில் பீச்சும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டால் சூடு குறையும் என்று நம் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எஞ்சின் எப்போதும் சரியாகச் சூடேறாமலே ஓடி டீசலைத் தின்னும், லைனர் தேயும்.

நிஜமாகவே கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும், தண்ணீர் காரணமில்லாமல் குறையும், சில சமயம் ஆயில் பால் நிறமாகும். இதில் எதையும் நீ எழுதவில்லை. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரவு ஒரு நடை காலி வண்டியாக ஓட்டிப் பார்த்து, கோடுகளையும் அளவுகளையும் எழுதி அனுப்பு. அது வரும்வரை ஹெட்டில் யாரும் ஸ்பானர் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா