குளக்கரைக் கல்லும் ஆசிட்டும்

சென்ற ஆண்டு கோடையில் என் மைத்துனர் தன் தோப்பு வீட்டுக்கு என்னை அழைத்தார். நீச்சல் குளத்தைச் சுற்றிப் பதித்த கறுப்புக் கடப்பாக் கல்லில் வெள்ளைப் படலம் பிடித்திருந்தது. "ரயில்வேயில் எத்தனை கல் பாலம் பார்த்தவர்! இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் மச்சான்" என்றார். நானும் குளியலறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். பொங்கி நுரைத்தது, படலம் போயிற்று. மறுநாள் காய்ந்து பார்த்தால் கல் சாம்பல் நிறமாகிச் சொரசொரத்துக் கிடந்தது. முப்பது ஆண்டு அனுபவம் அங்கே உதவவில்லை.

காரணம் எளிது. வடகரப்பதி வட்டாரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது நமக்குத் தெரியும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. தெறித்த நீர் உடனே காய்கிறது. அதிலுள்ள சுண்ணாம்பு கல்லின் மேல் தங்குகிறது. கடப்பா, கோட்டா ஆகியவையும் சுண்ணாம்புக் கற்களே. படலமும் கல்லும் ஒரே சாதி! ஆசிட்டுக்கு வேற்றுமை தெரியுமா?

ஆகவே முதலில் கல்லின் இனத்தை அறிய வேண்டும். பதித்த கல்லின் மேல் சோதித்தால் படலமே நுரைத்து ஏமாற்றிவிடும். மிச்சமான உடைந்த துண்டை எடுத்து, ஆணியால் கீறி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அதற்கு மரச் சுரண்டி, நைலான் பிரஷ், காரமில்லாத சோப்பு நீர், பொறுமை. நுரைக்காத கிரானைட்டுக்கு நீர் கலந்த வினிகர் போதும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கடும் ஆசிட் அதிலுள்ள இரும்பைக் கிளறி மஞ்சள் கறை உண்டாக்கிவிடும். குளத்துக்கு வைத்திருக்கும் குளோரின் மருந்தோடு ஆசிட் கலந்தால் வரும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்து.

எண்ணெய்க் குளியல் கறைக்கு முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் எடுங்கள். தாஜ்மஹால் பளிங்கின் மஞ்சள் நிறத்தைப் போக்க 1994 முதல் தொல்லியல் துறையினர் இதே மண்ணைத்தான் பூசுகிறார்கள்.

அடுத்து சீலர். பளபளவென்று தோல் போலப் படியும் வகை குளக்கரைக்கு ஆகாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக உரியும். ஈரக் காலும் வழுக்கும். கல்லுக்குள் ஊறும் சிலேன், சிலாக்சேன் வகையைக் கேட்டு வாங்குங்கள். இது நீரைத் தள்ளும், ஆவியை விடும். கழுவிய பின் நாலைந்து நாள் வெயிலில் காய வேண்டும். பாலித்தீன் தாளை ஓரம் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சப்படாமல் உருண்டு நின்றால் அந்தக் கல்லுக்குச் சீலரே வேண்டாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்! பூசியபின் மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஆனால் சீலர் போட்ட சுண்ணாம்புக் கல்லையும் ஆசிட் அரிக்கும்.

மைத்துனர் வீட்டில் கெட்டுப்போன வரிசையைப் பெயர்த்துத் திருப்பிப் பதித்தோம். கூலி என் கணக்கில்.