ரூபின்ஸ்டைனுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சைக்கோவ்ஸ்கியை அவமானப்படுத்திய நிக்கொலாய் ரூபின்ஸ்டைனை எதற்காகப் போற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். இந்தக் கதையை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

1874 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, மாஸ்கோ இசைக்கல்லூரி வகுப்பறையில், தன் முதல் பியானோ கான்செர்ட்டோவை சைக்கோவ்ஸ்கி வாசித்துக் காட்டினார். மட்டமானது, வாசிக்கவே முடியாதது என்று அந்தக் கல்லூரியின் தலைவரான ரூபின்ஸ்டைன் விளாசினார். ஒரு ஸ்வரத்தையும் மாற்றமாட்டேன் என்றார் சைக்கோவ்ஸ்கி. இதை நமக்குச் சொல்வது, மூன்று வருஷம் கழித்து 1878இல் தம் புரவலரான வான் மெக் அம்மையாருக்கு சைக்கோவ்ஸ்கி எழுதிய கடிதம். மனம் புண்பட்டவரின் வாக்குமூலம். அப்படித்தான் அதை வாசிக்க வேண்டும்.

இனி அந்தக் கான்செர்ட்டோவின் தொடக்கத்தைக் கவனி. பியானோ முழுவதும் இடியாய் இறங்கும் கார்டுகளை (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பவை) உலகமே அறியும். முதல் வடிவில் அவை அப்படி இல்லை. வீணை மீட்டுவதுபோல் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. லண்டனில் அதை வாசித்த பியானோ கலைஞர் டான்ராய்ட்டர் சில யோசனைகள் சொன்னார். மாற்றமாட்டேன் என்றவர் 1879 பதிப்பில் பியானோ பகுதியைத் திருத்தினார். அந்த இடிமுழக்கம் அதற்கும் பிந்தைய மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. 1879 வடிவத்தை பியானோ கலைஞர் கிரில் கெர்ஸ்டைன் பதிவு செய்திருக்கிறார்; அதைக் கேட்காமல் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசாதே. பியானோ வாசிப்பவரின் கையை வைத்துப் பார்த்தால் ரூபின்ஸ்டைனின் குறையில் நியாயம் இருந்தது என்பதே என் முடிவு. சொன்ன விதம் கொடுமை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

சொல்லாமல் விடப்படும் மறுபாதி இதுதான்: 1875 முடிவதற்குள் அதே படைப்பை மாஸ்கோவில் ரூபின்ஸ்டைனே நடத்தினார்; பியானோவில் அவருடைய மாணவர், 19 வயது தனேயெவ். 1878இல் பாரிஸில் தாமே வாசித்தார். 1866இல் சைக்கோவ்ஸ்கிக்கு ஆசிரியர் வேலையும், தங்கத் தம் வீட்டில் இடமும் கொடுத்தவர் அவர்தான். முதல் நான்கு சிம்பனிகளும் அவர் கையசைவில்தான் அரங்கேறின.

வான் மெக் கடிதங்களை நான் மறுபடி மறுபடி வாசிப்பேன். 1880இல் அந்த அம்மையார் ஒரு ட்ரியோ கேட்டார். பியானோவோடு வயலினும் செல்லோவும் சேர்வதைத் தம் காது தாங்காது என்று மறுத்துவிட்டார் சைக்கோவ்ஸ்கி. 1881 மார்ச்சில் ரூபின்ஸ்டைன் பாரிஸில் இறந்தார். அந்த வருஷ முடிவில், ரோமில், அதே மூன்று வாத்தியங்களுக்கு ஏ மைனர் ட்ரியோவை சைக்கோவ்ஸ்கி எழுதத் தொடங்கினார்; ஒரு மாபெரும் கலைஞரின் நினைவுக்கு என்று சமர்ப்பித்தார். ரூபின்ஸ்டைனின் முதலாண்டு நினைவு நாளில், அதே மாஸ்கோ இசைக்கல்லூரியில், அந்த ட்ரியோவில் தனேயெவ் பியானோ வாசித்தார்.

அந்த ட்ரியோவை முழுவதும் கேள். அதற்குப் பிறகும் ரூபின்ஸ்டைன் உனக்கு வில்லனாகத் தெரிந்தால், காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்