தகப்பன் வீடும் பிள்ளைகளின் பாகமும்



"சுவாமி, என் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டை விற்று என் பாகத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்." குருவானவரைத் தேடி வருகிறவர்களில் அநேகர் இந்த வேண்டுகோளோடுதான் வருகிறார்கள். இது புதிதல்ல. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்த ஒருவன் இதே விண்ணப்பத்தைச் சேசுநாதரிடம் கொண்டுவருகிறான். அவரோ பாகம் பிரிக்கிற நடுவராயிருக்க மறுத்து, பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். ஆனால் அந்த மனிதனுக்குப் பாகமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே இக்காரியத்தில் நீதியும் உண்டு, ஆசையும் உண்டு. நீதி இன்னதென்று முதலில் அறிந்துகொண்டால், ஆசை எங்கே தொடங்குகிறதென்பது தானே விளங்கும்.

1. யாருக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குரியது 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மூன்றில் ஒரு பாகம் அவருடைய மனைவிக்கு. மற்ற இரண்டு பாகமும் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற வித்தியாசமில்லை. வீடு 60 லட்சம் பெறுமானால், தாயாருக்கு 20 லட்சம். நாலு பிள்ளைகளிருந்தால் ஆளுக்கு 10 லட்சம். முன்னமே இறந்துபோன பிள்ளையின் பாகம் அவனுடைய பிள்ளைகளைச் சேரும்.

"தங்கைக்கு நகை போட்டுச் சீர் செய்து அனுப்பிவிட்டோமே, அவளுக்கு இனி என்ன பாகம்?" என்பார் உண்டு. தகப்பன் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பாகத்தில் கழிக்கக்கூடாதென்று மேற்படிச் சட்டமே சொல்லுகிறது. திருவிதாங்கூரில் 1916-ல் ஏற்பட்ட சட்டம் மகளுக்கு, மகனுடைய பாகத்தில் காற்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே கொடுத்தது. அது செல்லாதென்று மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. ஆதலால் சகோதரியிடம் விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சாமர்த்தியமல்ல. ஏழாம் கற்பனைக்கு விரோதமான பாவம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

2. வழக்குப் போட்டால் என்ன நடக்கும்?

பாகஸ்தர் எல்லாரும் கையெழுத்திட்டால்தான் முழு வீட்டையும் விற்கலாம். ஒருவன் தன் பாகத்தை மாத்திரம் அந்நியனுக்கு விற்கலாம். ஆனால் குடும்ப வீட்டில் பாகம் வாங்கின அந்நியனுக்கு அங்கே கூடக் குடியிருக்க உரிமையில்லை. அதனால் அப்படிப்பட்ட பாகம் நல்ல விலைக்குப் போவதில்லை.

பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தாலோ, 1893-ம் வருஷத்துச் சட்டப்படி, துண்டு போடத் தகாத வீட்டைப் பாதிக்குக் குறையாத பாகமுடையவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். ஆனால் மற்றப் பாகஸ்தர் விரும்பினால், விற்கக் கேட்டவர்களின் பாகத்தை மதிப்பு விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். கவனியுங்கள்: விலை மதிப்பது, வேண்டியவன் வாங்கிக்கொள்வது, இல்லாவிட்டால் விற்றுப் பிரிப்பது, இவ்வளவுதான். பல வருஷம் அலைந்து, வக்கீலுக்கும் கொடுத்து, முகம் பாராமல் செய்யப்போவதை இன்றே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்யலாகாதா?

3. நான் கண்ட ஒரு குடும்பம்

நான் முன்பு இருந்த ஒரு பங்கில் மூத்தவன் பட்டணத்தில் வேலையிலிருந்தான். இளையவன் தாயாரோடு வீட்டிலிருந்தான். மகளின் படிப்புக்குப் பணம் வேண்டுமென்றான் மூத்தவன். "ஒன்பது வருஷம் அம்மாவைப் பார்த்தவன் நான், எங்கே போவேன்?" என்றான் இளையவன். இருவர் பேச்சிலும் நியாயமிருந்தது. மூத்தவன் என்னிடம் வந்தபோது, "திருவிழா முடியட்டும், பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். திருவிழா முடிவதற்குள் வக்கீல் நோட்டீசு போய்விட்டது. அதன்பின் ஒருவரோடொருவர் பேசவில்லை. வழக்கு முடியுமுன்னே தாயார் இறந்தார்கள். பெட்டிக்கு மூத்தவன் தோள் கொடுக்க வந்ததும் இளையவன் விலகி நின்றுகொண்டான். என் தாமதம் இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

4. செய்யவேண்டிய முறை

முதலாவது, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகலை எல்லாருக்கும் கொடுங்கள். பாதிச் சந்தேகம் காகிதத்தை ஒளிப்பதால் பிறக்கிறது.

இரண்டாவது, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரை வைத்து விலை மதியுங்கள். அரசாங்க வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையென்று எண்ணவேண்டாம்.

மூன்றாவது, வீட்டிலிருக்கிறவன் கட்டின வரி, ஓடு மாற்றின செலவு, அவன் வாடகையின்றி இருந்தது, எல்லாவற்றையும் கணக்கெழுதுங்கள். தாயாரைப் பார்த்துக்கொண்டதற்கோ விலை கிடையாது. அதை அவன் கேட்கும்வரை காத்திராமல், மற்றவர்களே மனமுவந்து ஏதாவது விட்டுக்கொடுப்பது அழகு.

நாலாவது, வீடு வேண்டுமென்கிறவனுக்கு முதல் சந்தர்ப்பமும் பணம் கட்டத் தேதியும் கொடுங்கள். தேதி தவறினால் வெளியே விற்பதென்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, தாயார் இருக்குமிடம் நிச்சயமாகாமல் விற்காதீர்கள். அவர்களுடைய பாகம் அவர்களுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைநாட்டு வாங்காதீர்கள்.

ஆறாவது, முடிவானதை எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணம் கிரயப் பத்திரத்துக்கு ஆவதைவிட மிகக் குறைவு. வயது வராத பிள்ளையின் பாகமிருந்தால், நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்கவேண்டாம்.

இவ்வளவுக்கும் இணங்காவிட்டால், 1987-ம் வருஷத்துச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றம் உண்டு. அங்கே இருவரும் சம்மதித்துப் பெறும் முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்; அதன்மேல் அப்பீலில்லை. நடக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டின கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

5. தீர்மானம்

அபிரகாம் வயதில் மூத்தவர், லோத்தின் தகப்பனோடு உடன்பிறந்தவர். ஆனாலும் மேய்ப்பருக்குள் சண்டை வந்தபோது, எந்தப் பக்கம் வேண்டுமென்று முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை லோத்துக்கே விட்டார். அதனால் அவர் ஏழையாகிவிடவில்லை. நீதியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு மேலே பெரியவர் ஒரு படி இறங்கட்டும். உடன்பிறந்தாரோடு இப்படியொரு மனத்தாங்கல் உள்ளவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். பேச நடுவில் ஒருவர் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள். பாகத்தைத் தீர்க்கிறவனாக வரமாட்டேன். ஆனால் இந்த முறை தாமதியாமல் வருவேன்.

உங்கள் பங்குக் குரு