கருவாலிக் காட்டில் எல்லா வயதும் வேண்டும்

‘மரங்களைக் காப்போம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் பள்ளி மாணவர் பெரும்பாலும் ஒரே முடிவையே எழுதுவர்: மரத்தை வெட்டுதல் தீது, நடுதல் நன்று. நல்ல கருத்தே அது. ஆயினும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள வயர் காட்டுக்குக் குளிர்காலத்தில் செல்வோர், அக்காட்டைக் காக்கும் பொறுப்புடையவர்களே கருவாலி மரங்களை இயந்திர வாளால் அறுத்து வீழ்த்துவதைக் காணலாம். காப்பவரே வெட்டுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கருவாலி என்னும் மரம்

ஆங்கிலத்தில் ‘ஓக்’ எனப்படும் மரத்தையே தமிழில் கருவாலி என்கிறோம். பிரித்தானியாவின் உள்நாட்டுக் கருவாலி இனங்கள் இரண்டு. ஒன்றில் காய் நீண்ட காம்பில் தொங்கும். மற்றதில் காம்பு ஏறக்குறைய இன்றியே கிளையோடு ஒட்டியிருக்கும். இலையுதிர்காலத்தில் பூங்காவுக்குச் செல்லும்போது ஒரு கிளையை உற்று நோக்கினால் இவ்வேறுபாட்டைச் சிறுவரும் எளிதில் அறிந்துகொள்வர். வயர் காட்டில் மிகுதியாக நிற்பது இரண்டாவது இனமாகும்.

இம்மரத்தைச் சார்ந்து வாழும் உயிர்கள் மிகப் பல. 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பிரித்தானியாவில் கருவாலியோடு தொடர்புடைய உயிரினங்கள் ஏறத்தாழ 2,300 எனக் கணக்கிட்டது. பறவைகள், பூச்சிகள், காளான்கள், பாசிகள் எனப் பலவும் இதில் அடங்கும். இவற்றுள் 326 இனங்கள் கருவாலியை விட்டால் வேறு புகலிடம் இல்லாதவை. எனவே கருவாலிக்கு நேரும் கேடு ஒரு மரத்துக்கு மட்டும் நேரும் கேடன்று.

ஒரே வயதுக் காடு

நலமுள்ள காட்டில் மரங்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மேலே முதிர்ந்த மரங்களின் விதானம் இருக்கும், அதன் கீழ் இளமரங்கள், அவற்றின் கீழ்ப் புதர்கள், நிலத்திலே பூண்டுகள். இடையிடையே வெயில் விழும் வெளிகள், பட்டுப்போன மரங்கள், விழுந்து உக்கும் அடிமரங்கள். வயதாலும் உயரத்தாலும் இவ்வாறு வேறுபட்டு நிற்பதையே காட்டின் கட்டமைப்புப் பன்மை என்பர். ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு உயிர்கள் குடியிருக்கின்றன.

வூஸ்டர்ஷயர், ஷ்ரொப்ஷயர் ஆகிய மாவட்டங்களின் எல்லையில், ஏறத்தாழ 26 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்துள்ள வயர் காட்டில் இப்பன்மை குறைந்த வரலாறு அறியத்தக்கது. பல நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்தோர் கருவாலியை நிலத்தை ஒட்டி வெட்டினர். வெட்டிய மரம் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். அவை சுமார் 20 ஆண்டுகளில் தடியாக முற்றியபின் மீண்டும் வெட்டுவர். பட்டையை உரித்துப் பியூட்லி நகரின் தோல் பதனிடும் சாலைகளுக்கு விற்றனர்; தடிகளை எரித்துக் கரியாக்கினர். காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து வெட்டியமையால், ஒரே காட்டுக்குள் வெட்டவெளியும் இளந்தோப்பும் முற்றிய தோப்பும் அருகருகே இருந்தன.

பின்னர் இரும்பு உருக்க நிலக்கரி வந்தது; தோல் பதனிட வேறு பொருள்கள் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழில் ஒடுங்கியது. வெட்டாது விடப்பட்ட தளிர்கள் யாவும் ஒருங்கே வளர்ந்து, ஒரே வயதும் ஒரே உயரமும் உடைய ஒடுங்கிய மரங்களாயின. முதலாம் உலகப் போரில் மரத்தட்டுப்பாட்டை அனுபவித்த அரசு 1919இல் வன ஆணைக்குழுவை அமைத்தது. விரைந்து வளரும் ஊசியிலை மரங்கள் நாடெங்கும் நடப்பட்டன. பழைய கருவாலிக் காடுகளும் இதற்குத் தப்பவில்லை. வயர் காட்டின் ஒரு பகுதியும் அவ்வாறே மாறியது. 1985இல் அரசின் கொள்கை அகன்ற இலை மரங்களுக்குச் சார்பாகத் திரும்பும் வரை இந்நிலை நீடித்தது.

பிள்ளைகள் இல்லாத காடு

இத்தகைய காட்டைத் தொலைவிலிருந்து பார்த்தால் பசுமையாகவே தோன்றும். உள்ளே சென்று நிலத்தை நோக்கினாற்றான் குறை தெரியும். கருவாலிக் கன்று ஒளியை நாடுவது. விதையில் உள்ள உணவைக் கொண்டு சிறிது காலம் நிழலில் தாக்குப்பிடிக்கும்; அதன்பின் வெயில் கிடையாவிடின் மெலிந்து மாயும். ஜே என்னும் பறவை இலையுதிர்காலத்தில் காய்களை எடுத்துச்சென்று மண்ணில் புதைத்து வைக்கிறது; மறந்தவை முளைக்கின்றன. ஆனால் முளைத்தவற்றுக்கு ஒளி இல்லை. தப்பி வளர்வனவற்றை மான்கள் மேய்ந்துவிடுகின்றன. மானை வேட்டையாடும் ஓநாயும் லின்க்ஸ் பூனையும் இந்நாட்டில் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகவே ஆயிரக்கணக்கான கருவாலிகள் நிற்கும் காட்டிலே அவற்றின் இடத்தை நிரப்பும் கன்றுகள் அரியவாயின.

நிலத்தில் ஒளி குன்றியதால் துன்புற்ற உயிர்களுள் ஒன்று, சிறகின் அடிப்புற விளிம்பில் முத்துப்போன்ற புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி. அதன் புழுக்கள் வயலெட் செடியின் இலைகளைத் தின்று வளர்வன. மரம் வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் வயலெட் செடிகள் தழைக்கும். சில ஆண்டுகளில் மீண்டும் நிழல் மூடும். அப்போது இப்பூச்சி அடுத்து வெட்டிய இடத்துக்குப் பறந்து செல்லும். இதனால் மரம் வெட்டுவோரைப் பின்தொடரும் பூச்சி என்றே மக்கள் இதற்குப் பெயரிட்டனர். வெட்டும் வழக்கம் நின்றதும் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து இது மறைந்தது. எஞ்சிய சில உறைவிடங்களுள் வயர் காடு முதன்மையானது.

காவலர் செய்யும் பணிகள்

முதலாவது பணி ஐதாக்கல். நெருங்கி நிற்கும் மரங்களுள் சிலவற்றை நீக்கினால், எஞ்சியவை கிளை பரப்பிப் பருக்கும். நிலத்துக்கும் ஒளி எட்டும். நாற்றுமேடையில் கீரைக்கன்றுகளைக் கலைத்து விடும் நம் வீட்டுப் பெரியோர் இதனை நன்கு அறிவர்.

இரண்டாவது, பழைய முறைப்படி சில பகுதிகளை மாறி மாறி அடியோடு வெட்டித் தழைக்க விடுதல். காட்டுப் பாதைகளின் ஓரங்களையும் அகலமாக்குவர். அவை வண்ணத்துப்பூச்சிகள் ஒரு வெளியிலிருந்து மறுவெளிக்குச் செல்லும் தெருக்களாகப் பயன்படுகின்றன.

மூன்றாவது, பட்ட மரங்களை அகற்றாது விடுதல். மான்கொம்பு வண்டின் புழு, உக்கிய மரத்தை உண்டு மண்ணுக்குள்ளே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழ்கிறது. முற்றிய வண்டோ ஒரு கோடைக்காலம் மட்டுமே வாழ்கிறது. மரங்கொத்தி குடைந்து விட்டுச்சென்ற பொந்துகளில் அரிய வௌவால்கள் குட்டி வளர்க்கின்றன. விறகென்று நாம் கருதுவது அவற்றுக்கு வீடாகும்.

நான்காவது, மிகப் பழைய மரங்களைச் சூழ்ந்து நெருக்கும் இளமரங்களை விலக்குதல். இதனை ஒரே நாளில் செய்துவிடலாகாது. நெடுங்காலம் நிழலில் நின்ற முதியமரம் திடீர் வெயிலையும் காற்றையும் தாங்காது. எனவே பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வர். ஊசியிலை மரங்களையும் இவ்வாறே மெல்ல மெல்ல நீக்கி, உள்நாட்டு மரங்களுக்கு இடமளிப்பர். மான்களின் தொகையையும் கட்டுப்படுத்துவர். இல்லையேல் ஏனைய முயற்சிகள் வீணாகும்.

இயற்கையிடமே விட்டால் என்ன?

இது நியாயமான கேள்வி. 1987 ஒக்டோபர் 15, 16ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய புயல், ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பது இலட்சம் மரங்களை வீழ்த்தியது. யாவரும் கலங்கினர். ஆனால் விழுந்த மரங்களை அப்படியே விட்ட இடங்கள் பலவற்றில் இளங்கன்றுகள் தாமாகவே எழுந்தன. அவசரமாகத் துப்புரவாக்கி நட்ட இடங்கள் சிலவற்றிலோ மண்ணும் முளைகளும் நசுங்கின. எல்லா இடத்திலும் மனிதன் கைவைக்க வேண்டியதில்லை என்னும் பாடத்தைப் புயல் கற்பித்தது. ஆகவே காட்டின் ஒரு பகுதியைத் தீண்டாது விடுவதும் இன்று பேணும் முறைகளுள் ஒன்றாகும்.

எனினும் இன்றைய காடுகள் வயல்களுக்கும் நகரங்களுக்கும் இடையே சிறு தீவுகள் போல் உள்ளன. ஒரு காட்டில் அழிந்த பூச்சி, பல மைல் கடந்து மற்றொன்றிலிருந்து வந்து சேர்வது அரிது. அடுத்த பெரும்புயல் வருமளவும் கருவாலி காத்திருக்கலாம். ஓராண்டே வாழும் வண்ணத்துப்பூச்சி காத்திருக்க முடியாது.

அதேவேளை, வெட்டுவோர் யாவரும் காவலர் அல்லர். விலைக்காக வெட்டுவோர் பெருமரத்தைத் தேடுவர். காவலர் பெருமரத்தை விட்டுவிட்டு அதனை நெருக்கும் மரத்தை வெட்டுவர். ஒரு கருவாலியை ஒரு மணி நேரத்தில் வீழ்த்தலாம். அதன் முதிய உடலில் உள்ள பொந்து உண்டாக முந்நூறு ஆண்டுகள் செல்லலாம். அதனை எவராலும் நட்டு உண்டாக்க இயலாது.

நமக்கு இதனால் என்ன?

புகலிடம் தேடி வந்த நாம் இந்நாட்டுக் காட்டைப் பற்றி ஏன் கற்க வேண்டும் எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் இம்மண்ணில் வாழப்போகின்றவர்கள். இன்று முளைக்கும் கருவாலி முதிர்வதை நாமும் காணோம், அவர்களும் காணார். அவர்களுடைய பேரரின் பேரர் காண்பர். தாம் காணாத பயனுக்காக உழைப்போரை அறிவது கல்வியின் ஒரு பகுதி.

வயதில் முதிர்ந்தோர் மட்டும் நின்று கன்றுகள் இல்லாத காடு, பார்வைக்குச் செழிப்பாயிருந்தும் முடிவை நோக்கியே செல்கிறது. பாட்டனார் பேசவும் பேரர் கேட்கவும் இல்லாத மொழியும் அத்தகையதே. விழா மண்டபத்தில் மூன்று தலைமுறையும் ஒருங்கே அமர்ந்திருக்கக் காணும்போது நாம் மகிழ்வது இதனாலேயே. ஆயினும் கன்று தானாக வளர்ந்துவிடாது. அதற்கு இடமும் ஒளியும் அளிப்பது மூத்தோர் கடமை.

மாணவர் செய்து பார்க்க

1. இலண்டனுக்கு அண்மையிலுள்ள எப்பிங் காட்டுக்குப் பெற்றோருடன் செல்லுங்கள். அங்கு கருவாலியோடு பீச், ஹோர்ன்பீம் மரங்களும் உள்ளன. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அக்காட்டை வேலியிட்டு விற்பதிலிருந்து காத்தது. ஆனால் மக்கள் கிளை வெட்டும் வழக்கத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மரங்களின் உருவம் எவ்வாறு மாறியிருக்கும் எனப் பார்த்து எழுதுங்கள்.

2. முதியமரம், இளமரம், கன்று, பட்ட மரம் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் காண முடிகிறதா? எது குறைவாக உள்ளது?

3. ‘மரத்தை வெட்டுதல் தீது’ என்னும் தொடரை, இப்பாடத்தைக் கற்றபின் எவ்வாறு திருத்தி எழுதுவீர்கள்?